துளிக்கு ஓர் ஈ.கோலை: துளி தயாரிக்கும் சிப் செய்த அனுபவம்

ஒரு நொதியின் மரபணுவில் அங்கங்கே மாற்றம் செய்து பத்து லட்சம் மாற்றுருக்கள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எது நன்றாக வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 384 குழி கொண்ட தட்டில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர் ஊற்றினால் 2,600 தட்டுகளுக்கு மேல் வேண்டும். கரைசல் மட்டும் 50 லிட்டர். பிப்பெட் ரோபோ வைத்திருக்கும் ஆய்வகமே யோசிக்கும். எங்களிடம் இருப்பது எட்டு முனைப் பிப்பெட் ஒன்று.

அதே பத்து லட்சத்தையும் எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளிகளுக்குள் வைத்தால் கணக்கே மாறிவிடும். 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளியில் 65 பிகோலிட்டர் பிடிக்கும். பத்து லட்சம் துளிக்கும் சேர்த்து 65 மைக்ரோலிட்டர்தான். ஹார்வர்டில் டேவிட் வைட்ஸ் குழு இதை 2010-இலேயே செய்து காட்டிவிட்டது. ஹார்ஸ்ரேடிஷ் பெராக்சிடேஸ் நொதியை ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஏற்றி, சுமார் 10 கோடி வினைகளை 10 மணி நேரத்தில், 150 மைக்ரோலிட்டருக்கும் குறைவான கரைசலில் சோதித்தார்கள். 2015-இல் வந்த டிராப்-சீக், இன்டிராப் என்ற ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. முறைகளுக்கும் அடிப்படை இதே துளிதான்.

விலை கொடுத்து வாங்கும் கருவிகள் இருக்கின்றன. எங்கள் பட்ஜெட்டுக்கு அது ஆகாது என்பது ஒரு காரணம். சிப்புக்குள் எண்ணெயும் நீரும் ஓடித் துளியாகும் மெல்லிய வாய்க்காலின் வடிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்பது இன்னொன்று. அதனால் சிப்பை நாங்களே செய்வது என்று முடிவானது. வாய்க்காலை வரைவதும் அச்சு எடுப்பதும்தான் பெரிய வேலை என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். அவை சுளுவாகவே முடிந்தன. நேரத்தையெல்லாம் தின்றவை வாய்க்காலின் சுவரும், சிப்புக்கு வெளியே இருக்கிற சிரிஞ்ச், டியூப், தூசி சமாசாரங்களும்தான். இந்தப் பதிவிலும் அவற்றுக்கே அதிக இடம்.

மாற்றுருத் தொகுப்பைக் கையில் எடுப்பதற்கு முன் சிப்பை நம்பலாமா என்று தெரிய வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்றை வைத்துக்கொண்டோம். பீட்டா-காலக்டோசிடேஸ் நொதி உள்ள ஈ.கோலை பாக்டீரியாவையும், அந்த மரபணு நீக்கப்பட்ட ஈ.கோலையையும் கலந்து துளிகளில் அடைக்க வேண்டும். எஃப்.டி.ஜி. என்ற வினைப்பொருளை உடன் வைத்தால், நொதி அதை வெட்டி ஃப்ளோரசீனை விடுவிக்கும். நொதி உள்ள துளி பச்சையாக ஒளிரும். மற்றவை இருட்டாகவே கிடக்கும்.

வரைபடம்

உள்ளே மூன்று வழி, வெளியே ஒரு வழி. செல் கரைசலுக்கு ஒன்று, எஃப்.டி.ஜி.யும் செல்லை உடைக்கும் கலவையும் வர ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று. எண்ணெய் வாய்க்கால் இரண்டாகப் பிரிந்து சுற்றி வந்து, நடுவில் வரும் தண்ணீரை இரு பக்கமும் நெருக்கும். நெருக்குகிற இடத்தில் 30 மைக்ரோமீட்டர் அகலத்தில் ஒரு கழுத்து. அங்கேதான் தண்ணீர் இழை அறுந்து துளியாகிறது. ஃப்ளோ ஃபோகஸிங் என்று சொல்லும் இந்த வடிவத்தை ஷெல்லி அன்னா, நத்தலி போன்டூ, ஹோவர்ட் ஸ்டோன் ஆகியோர் 2003-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே 2001-இல் கால்டெக்கில் ஸ்டீபன் க்வேக் குழு டி வடிவச் சந்திப்பில் துளி எடுத்திருந்தது. எங்களுக்கு ஃப்ளோ ஃபோகஸிங் பிடித்ததற்குக் காரணம், துளி பிறக்கும்போது சுவரிடமிருந்து கொஞ்சம் விலகியே இருக்கிறது என்பதுதான்.

செல்லையும் எஃப்.டி.ஜி.யையும் சிரிஞ்சிலேயே கலந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். செல்லை உடைக்கும் கலவை சிரிஞ்சுக்குள்ளேயே வேலையை ஆரம்பித்துவிடும். உடைந்த செல்லின் நொதி எல்லாத் துளிக்கும் பரவும். அப்புறம் எந்தத் துளி யாருடையது என்றே சொல்ல முடியாது. தனித்தனியாக வந்தால் இரண்டும் கழுத்துக்கு முன்னால் 300 மைக்ரோமீட்டர் தூரம் மட்டும் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. ஓட்டம் சுழலுமா, சீராகப் போகுமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் அந்த அளவு வாய்க்காலில் ஒன்று, இரண்டு என்றுதான் இருக்கும். சுழல் கிடையாது. பக்கவாட்டில் கலக்க மூலக்கூறு ஊடுருவல் மட்டுமே வழி. ஃப்ளோரசீன் அளவுள்ள மூலக்கூறு 30 மைக்ரோமீட்டர் நகர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். எங்கள் ஓட்டத்தில் அந்த 300 மைக்ரோமீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு பக்கம் செல், மறு பக்கம் தெளிந்த கரைசல், நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை.

துளியான பிறகு கலந்தாக வேண்டும். அதற்காகக் கழுத்தைத் தாண்டியதும் வாய்க்காலை வளைத்து வளைத்து விட்டோம். வளைவில் போகும்போது துளிக்குள் இருக்கும் நீர் மடிந்து மடிந்து கலக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ருஸ்டம் இஸ்மகிலோவ் குழு 2003-இல் காட்டிய உத்தி இது.

ஒவ்வொரு நுழைவிலும் தூண் வரிசை ஒன்று வரைந்தோம். தூண்களுக்கு நடுவே 25 மைக்ரோமீட்டர் இடைவெளி, அதாவது கழுத்தைவிடக் குறைவு. அடைப்பது எதுவாக இருந்தாலும் கழுத்துக்கு வராமல் இங்கேயே நின்றுவிட வேண்டும். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும். இது இல்லாத சிப்பை நான் இனி வரையப் போவதில்லை.

வரைபடத்தின் வடிவில் மட்டும் ஒளியை விடும் மாஸ்க்கைக் கண்ணாடியில் எடுக்கவில்லை, பிலிமில்தான் அச்சடித்து வாங்கினோம். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டு வாங்குங்கள். ஆஃப்செட் அச்சகங்களில் வழக்கமான 2,540 புள்ளியில் ஒரு புள்ளியே 10 மைக்ரோமீட்டர். 30 மைக்ரோமீட்டர் கழுத்து மூன்று புள்ளியில் படிக்கட்டாக வரும். 25,400 புள்ளியில் அச்சடித்தால் ஒரு புள்ளி 1 மைக்ரோமீட்டர், அது போதும்.

அச்சு

சிப்பை ரப்பரில் வார்க்க முதலில் ஓர் அச்சு வேண்டும். மூன்று அங்குல சிலிக்கான் வேஃபர் (வட்டத் தகடு), அதன் மேல் எஸ்.யு.-8 2050 என்ற ஒளியுணர் ரெசின். ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் கழுவினால் போய்விடும். அதனால் மாஸ்க்கில் வாய்க்கால்கள் தெளிவாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் இருக்க வேண்டும். எங்களுக்கு வேண்டிய உயரம் 40 மைக்ரோமீட்டர். நிமிடத்துக்கு 4,000 சுற்று என்று சுற்றினால் அந்த அளவுக்குப் பக்கத்தில் வரும்.

சென்னைக் காற்றில் வேஃபரின் மேல் ஈரம் எப்போதும் இருக்கும். ரெசின் ஊற்றும் முன் வேஃபரைச் சூடேற்றி உலர்த்துவதைத் தவிர்க்கவே கூடாது. அது சரியாக நடக்காவிட்டால் கழுவும்போது மெல்லிய கோடுகள் உரிந்து மிதக்கும்.

முதல் சூடு 65 டிகிரியில் கொஞ்ச நேரம், பிறகு 95 டிகிரியில். மாஸ்க்கின் மை பூசிய பக்கம் ரெசினைத் தொடும்படி வைத்து, 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி காட்டி, மறுபடி 65, 95. இந்த இரண்டாவது சூட்டில்தான் எனக்குப் பிடித்த கட்டம் வருகிறது. ஒளி காட்டி முடித்தபோது வேஃபர் வெறுமையாகத்தான் இருக்கும். 95 டிகிரி ஹாட் பிளேட்டில் வைத்ததும், நிமிடம்கூட ஆகாமல், வாய்க்கால்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கழுத்து, தூண்கள், வளைவுகள் எல்லாம் மங்கலான நிழலாக எழுந்து வரும். அப்படி எதுவும் தெரியவில்லை என்றால் ஒளி போதவில்லை. மேற்கொண்டு கழுவி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சூட்டிலிருந்து மெதுவாக ஆறவிட்டு, இறுகாத ரெசினைக் கரைக்கும் டெவலப்பரில் கழுவி, ஐசோபுரொப்பனால் ஊற்றினோம். வெள்ளையாகப் படலம் வந்தால் இன்னும் கழுவ வேண்டும் என்று பொருள். திரும்ப டெவலப்பரில் போட்டால் சரியாகிவிடும்.

உயரம் அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அதற்கு ஒரு மாற்று வழி: முதல் பி.டி.எம்.எஸ். (சிப்பாகப் போகும் சிலிக்கோன் ரப்பர்) வார்ப்பைப் பிளேடால் மெல்லிய சீவலாக, வாய்க்காலுக்குக் குறுக்கே வெட்டி, படுக்கவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வாய்க்காலின் குறுக்குவெட்டு அப்படியே தெரியும். உயரமும் தெரியும், சுவர் நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதும் தெரியும்.

பி.டி.எம்.எஸ். வார்ப்பதற்கு முன் வேஃபருக்கு ஃப்ளோரின் சிலேன் ஆவி காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் அச்சைவிட்டு வராது. டெசிகேட்டருக்குள் ஒரு சிறு மூடியில் சில துளி விட்டு வெற்றிடம் போட்டு வைத்தால் போதும். கட்டாயம் ஃப்யூம் ஹூடுக்குள். இந்தச் சிலேன் ஈரத்தைக் கண்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். மழைக்காலத்தில் அடிக்கடி திறந்த பாட்டிலில் வெள்ளையாகத் திரிந்து நிற்கும். சின்னப் பாட்டிலாக வாங்குவது நல்லது.

வார்ப்பு

நாங்கள் வாங்கும் பி.டி.எம்.எஸ். சில்கார்டு 184, பிசின் பத்துப் பங்கு, இறுக்கி ஒரு பங்கு. மூன்று அங்குல வேஃபர் உட்காரும் பெட்ரித் தட்டுக்கு 30 கிராமும் 3 கிராமும் சேர்த்தால் 5 மில்லிமீட்டர் கனம் கிடைக்கும். அந்தக் கனம் வேண்டும். மெல்லியதாக வார்த்தால் டியூப் துளையில் நிற்காமல் ஆடும். நன்றாகக் கலக்கி, வெற்றிடத்தில் குமிழி போகும்வரை வைத்து, 65 டிகிரியில் இரவு முழுக்க விட்டுவிடலாம்.

இறுகாமல் பிசுபிசுவென்று நின்றால் விகிதத்தைச் சந்தேகப்படும் முன் கையுறையைப் பாருங்கள். இறுக வைப்பது பிளாட்டினம் வினையூக்கி. லேட்டக்ஸ் ரப்பரில் இருக்கும் கந்தகம் பட்டால் அது செத்துவிடும். அமீன், தகரச் சேர்மங்களும் ஆகாது. நைட்ரைல் கையுறை மட்டும் போடுங்கள்.

துளை போடும் வேலையை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. ஆனால் என் கணக்கில் பாதி அடைப்பு இங்கேதான் பிறக்கிறது. 0.75 மில்லிமீட்டர் பயாப்சி பஞ்ச் எடுத்து, வாய்க்கால் உள்ள பக்கத்தை மேலே வைத்து, நேர் செங்குத்தாக ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். கூர் போன பஞ்ச் வெட்டாது, பிய்க்கும். துளையின் ஓரம் செதில் செதிலாக நிற்கும். அந்தச் செதில்தான் பிறகு எண்ணெய் ஓட்டத்தில் கழன்று தூண்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. துளையிலிருந்து வெளிவரும் ரப்பர்க் குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பக்கம் வழவழப்பாக இருந்தால் சரி, சொரசொரப்பாக இருந்தால் பஞ்சை மாற்றுங்கள். டியூபின் வெளிவிட்டம் 1.09 மில்லிமீட்டர், துளையைவிடப் பெரியது. ரப்பர் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், பசையே வேண்டாம்.

பிறகு செல்லோ டேப் ஒட்டி ஒட்டி எடுத்துத் தூசி நீக்கி, பி.டி.எம்.எஸ்.ஸையும் கண்ணாடி ஸ்லைடையும் பிளாஸ்மாவில் (மின்னேற்றம் பெற்ற வாயுவில்) வைத்தோம். ஊதா ஒளி வந்து அரை நிமிடம் கழித்து எடுத்து, உடனே ஒன்றன்மேல் ஒன்று வைத்ததும் ஒட்டும் முகப்பு தானாகவே பரவிப் போவது கண்ணுக்குத் தெரியும். அதிக நேரம் வைத்தால் இன்னும் நன்றாக ஒட்டும் என்று நினைக்கத் தோன்றும். நேர்மாறு நடக்கும். ரப்பரின் மேல்தோல் கண்ணாடி மாதிரி உடையக்கூடியதாகி, ஒட்டு பலவீனமாகிவிடும். மிச்சத் துண்டு ஒன்றை ஒட்டி மூலையிலிருந்து உரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒட்டு விடாமல் ரப்பர் கிழிந்தால் சிப்பை நம்பலாம்.

சுவர்

இனிதான் விஷயம். பிளாஸ்மா பட்ட பி.டி.எம்.எஸ்.ஸும் கண்ணாடியும் தண்ணீரை விரும்பும். நமக்கு வேண்டியது தண்ணீரைத் தள்ளிவிட்டு ஃப்ளோரின் எண்ணெயை மட்டும் ஒட்டவிடும் சுவர். தண்ணீர் ஒட்டும் சுவரில் நீர்த்துளி பிறக்காது. எவ்வளவு அழகாக வரைந்த கழுத்தாக இருந்தாலும் பிறக்காது.

ஒட்டும் சுவரை மைக்ராஸ்கோப்பில் அடையாளம் கண்டுகொள்வது எளிது. நல்ல சுவரில் தண்ணீர் இழை கழுத்துக்குள் வரும்போது இரு பக்கமும் எண்ணெயின் மெல்லிய கறுப்பு விளிம்பு தெரியும், இழை சுவரைத் தொடுவதே இல்லை. கெட்ட சுவரில் ஒரு பக்க விளிம்பு காணாமல் போய்விடும். இழை அந்தப் பக்கமாகச் சாய்ந்து சுவரோடு ஊர்ந்து, கழுத்தைத் தாண்டியும் நீளும். ஒரு பெரிய துளி, பின்னால் இரண்டு குட்டித் துளி, அப்புறம் ஒரு நீளமான புழு என்று வரும். ஓட்ட விகிதத்தை எப்படி மாற்றினாலும் தீராது. இதைப் பார்த்ததும் பம்பைத் திருகுவதை நிறுத்திவிட வேண்டும்.

முதலில் நாங்கள் போனது கார் கண்ணாடிக்கு மழைத்துளி நிற்காமல் இருக்கப் பூசும் அக்வாபெல் பக்கம். டிராப்-சீக் செய்முறையிலேயே அதுதான் இருக்கிறது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் குறுகிய வாய்க்காலில் அங்கங்கே துணுக்குகளாகப் படிந்து நின்றுவிடுகிறது என்பது எங்கள் அனுபவம். பிறகு அச்சுக்குப் பயன்படுத்திய அதே சிலேனை, எச்.எஃப்.இ.-7500 என்ற ஃப்ளோரின் எண்ணெயில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து வாய்க்காலுக்குள் விட்டோம். சிறிது நேரம் நிற்கவைத்து, வெறும் எண்ணெயால் கழுவி, காற்று ஊதி, ஓவனில் உலர்த்தினோம். சுவர் இதில் நன்றாக மாறியது.

நேரம் முக்கியம். பிளாஸ்மா கொடுத்த வினைபுரியும் தொகுதிகள் சுவரில் இருக்கும்போதே சிலேன் போக வேண்டும். பி.டி.எம்.எஸ். பிளாஸ்மாவை மறந்து பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒட்டிய அன்றே செய்துவிடுவது என்று விதி வைத்துக்கொண்டோம்.

ஏன் சாதாரண எண்ணெய் இல்லை என்ற கேள்வியும் வரும். கனிம எண்ணெயிலும் துளி எடுக்கலாம். ஆனால் ஹைட்ரோகார்பன் கரைப்பான்கள் பி.டி.எம்.எஸ்.ஸை உப்பவைக்கும், பல கரிமச் சிறு மூலக்கூறுகளும் அவற்றுக்குள் கரைந்து ஓடிவிடும். ஃப்ளோரின் எண்ணெய் இரண்டுக்கும் ஒத்துவராதது, அதுதான் அதன் சிறப்பு. ஆக்ஸிஜனையும் நன்றாகக் கரைக்கும், செல்லுக்கு மூச்சு முட்டாது. எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஃப்ளோரின் சர்ஃபாக்டன்ட் (சோப்பு மாதிரியான பொருள்) சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிறந்த துளிகள் சந்தித்த இடத்திலேயே ஒன்றாகிவிடும். செலவில் பெரிய பங்கு இந்தச் சர்ஃபாக்டன்ட்டுக்குத்தான் போகிறது. நோவெக் என்ற பெயரில் இந்த எண்ணெயை விற்றுவந்த 3எம் நிறுவனம், பி.எஃப்.ஏ.எஸ். என்ற, எளிதில் சிதையாத ஃப்ளோரின் சேர்மங்களின் தயாரிப்பிலிருந்து 2025 முடிவுக்குள் வெளியேறுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. அதனால் கழிவு எண்ணெயைத் தனிப் பாட்டிலில் சேர்ப்பதோடு, எங்கிருந்து வாங்குவது என்பதையும் இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

ஓட விடுதல்

முதலில் எண்ணெய். வாய்க்கால் முழுதும் எண்ணெய் நனைத்த பிறகே தண்ணீர். நிறுத்தும்போது தலைகீழ்: தண்ணீர் முதலில், எண்ணெய் கடைசியில். ஜூனியர் கேட்டாள், "அக்கா, எண்ணெயை முதல்ல நிறுத்தினா என்ன ஆகும்?" தண்ணீர் பின்னோக்கி எண்ணெய் வாய்க்காலுக்குள் ஏறிவிடும். சிலேன் சுவர் இருந்தாலும், உடைந்த செல்லின் புரதம் சுவரில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் அதற்கப்புறம் தண்ணீரை விரும்ப ஆரம்பித்துவிடும்.

எண்ணெய் மணிக்கு 800 மைக்ரோலிட்டர், நீர்வழிகள் இரண்டும் தலா 150. இந்த அளவில் விநாடிக்கு ஏறக்குறைய 1,280 துளி. சாதாரண கேமராவில் பார்த்தால் வாய்க்காலில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடுதான் தெரியும். அகலமான இடத்திலேயே துளி விநாடிக்கு 76 மில்லிமீட்டர் வேகத்தில் போகிறது, கழுத்தில் அதைவிட மூன்று மடங்குக்கு மேல். ஹைஸ்பீட் கேமரா எங்களுக்குக் கனவு. மைக்ராஸ்கோப்பின் விளக்கைக் கழற்றிவிட்டு ஓர் எல்.இ.டி.யை வைத்து, அர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் ஒரு டிரான்சிஸ்டரும் கொண்டு 20 மைக்ரோவிநாடி மட்டும் மின்ன வைத்தோம். அந்த நேரத்தில் துளி நகர்வது ஒன்றரை மைக்ரோமீட்டர்தான், படம் உறைந்து நிற்கும். மின்னும் வேகத்தைத் துளி பிறக்கும் வேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் இன்னும் சுவாரசியம். சினிமாவில் வண்டிச் சக்கரம் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவதுபோல, துளிகள் கழுத்துக்குள் திரும்பிப் போவதாகத் தெரியும். அவை அசையாமல் நிற்கும் இடத்தில் மின்னும் எண்ணைப் படித்தால் விநாடிக்கு எத்தனை துளி என்பது கிடைத்துவிடும். இரண்டு மடங்கு, பாதி ஆகிய எண்களிலும் துளிகள் நிற்பதுபோலத் தெரியும் என்பதால், ஓட்டத்தையும் துளி அளவையும் வைத்துப் போட்ட கணக்கோடு ஒத்துப்பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மின்னல் விளக்கு வந்த பிறகுதான் அடுத்த சிக்கல் கண்ணில் பட்டது. துளிகள் கொஞ்ச நேரம் பெரிதாக, கொஞ்ச நேரம் சிறிதாக, ஒரு தாளத்தோடு மாறிக்கொண்டிருந்தன. சுவர் சரி, கழுத்தும் சுத்தம். காரணம் சிரிஞ்ச். 10 மி.லி. சிரிஞ்சில் மணிக்கு 150 மைக்ரோலிட்டர் தள்ள, பிஸ்டன் மணிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர வேண்டியதில்லை. பம்பின் மோட்டார் படிப்படியாக நகரும் ஒவ்வொரு படியும் ஓட்டத்தில் ஒரு தள்ளலாகத் தெரிகிறது. 1 மி.லி. சிரிஞ்சுக்கு மாறினால் அதே ஓட்டத்துக்குப் பிஸ்டன் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் நகரும். தாளம் அடங்கிவிட்டது. சிரிஞ்சுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அது வேறு மாதிரி தொல்லை: ஓட்டம் நிலைக்கு வரவே வெகு நேரம் பிடிக்கும், ஏனென்றால் பம்ப் தள்ளுவது முதலில் குமிழியை அமுக்கத்தான் செலவாகிறது. ஊசியை மேலே பிடித்துத் தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டுப் பொருத்துங்கள்.

எண்ணெயையும் வினைப்பொருளையும் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் விட்டோம். செல்லை அதில் விட முடியாது, 5 மைக்ரோமீட்டரில் விட்டால் கட்டியாக ஒட்டிய கூட்டங்கள் நிற்கும், தனி ஈ.கோலை போய்விடும். விலங்குச் செல் வைத்துச் செய்கிறவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு, சிரிஞ்சின் அடியில் செல் படிந்துவிடும். ஆப்டிபிரெப் சேர்த்து அடர்த்தியைச் சமன்செய்வது வழக்கம். பாக்டீரியா அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை என்பதால் நாங்கள் தப்பித்தோம்.

எத்தனை செல்?

ஒரு துளிக்கு ஒரு செல் என்று தலைப்பில் போட்டாலும் செல்கள் அப்படி வரிசையில் வந்து ஏறுவதில்லை. எந்தத் துளிக்கு எத்தனை என்பது பாய்சான் பரவலின் கையில். சராசரியைத் துளிக்கு 0.1 என்று வைத்தால், நூறு துளியில் தொண்ணூறுக்குச் சற்று மேல் காலி, ஒன்பதில் ஒரே ஒரு செல், இரண்டும் அதற்கு மேலும் உள்ளவை அரைத் துளிக்கும் குறைவு. துளியில் பத்தில் ஒன்பது வீணாகிறதே என்று வருத்தப்படக் கூடாது. செல் உள்ள துளிகளில் 95 சதவீதம் ஒற்றைச் செல் என்பதுதான் நமக்கு வேண்டியது. சராசரியை 1-க்கு ஏற்றினால் காலித் துளி குறையும், ஆனால் செல் உள்ள துளிகளில் பத்துக்கு நான்குக்கு மேல் கூட்டாளியோடு இருக்கும். நொதித் தேர்வுக்கு அது உதவாது.

65 பிகோலிட்டருக்கு 0.1 செல் என்றால் மி.லி.க்குப் பதினைந்து லட்சம். துளியில் பாதிதான் செல் கரைசல் என்பதால் சிரிஞ்சில் முப்பது லட்சம் வேண்டும். ஓ.டி. (வளர்ப்பின் கலங்கலைக் காட்டும் அளவு) 1 உள்ள ஈ.கோலை வளர்ப்பில் மி.லி.க்கு 80 கோடி என்ற பொதுக் கணக்கை வைத்தால் 250 மடங்குக்கு மேல் நீர்க்க வேண்டும். அந்தப் பொதுக் கணக்கு திரிபுக்குத் திரிபு, ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் மாறும். செல் எண்ணும் கண்ணாடித் தட்டில் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்த பிறகே சிரிஞ்சில் ஏற்றுங்கள்.

பச்சை

எச்.எஃப்.இ.-7500-இன் அடர்த்தி 1.6. அதனால் சேகரிக்கும் குழாயில் துளிகள் மேலே, பால் வெள்ளைப் படலமாக வந்து சேரும். அதன் மேல் கொஞ்சம் கனிம எண்ணெய் விட்டால் நீர் ஆவியாவது குறையும். 37 டிகிரியில் வைத்து, சிறிது எடுத்து எண்ணும் ஸ்லைடில் ஒற்றை அடுக்காகப் பரப்பிப் பார்த்தோம்.

சாதாரண ஒளியில் துளிகள் அறுகோண அடுக்கில், எல்லாம் ஒரே அளவில் நின்றன. ஒளிர்வுக்கு மாற்றியதும் பெரும்பாலானவை மறைந்து, அங்கங்கே சில மட்டும் பச்சையாக. நொதி உள்ள செல்லை மட்டும் ஏற்றிய ஓட்டத்தில் பச்சையின் விகிதம் பாய்சான் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. இரண்டு திரிபையும் சரிபாதி கலந்ததில் அது பாதியாகக் குறைந்தது. நொதி இல்லாத திரிபில் இருட்டு. இதைப் பார்த்த பிறகே சிப்பை நம்பினோம்.

ஒரு எச்சரிக்கை. ஃப்ளோரசீன் துளியைவிட்டு மெதுவாகக் கசியும். சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் திரண்ட நுண் உருண்டைகளான மைசெல்கள் அதைப் பக்கத்துத் துளிக்குக் கடத்துகின்றன. ரெசோருஃபின் என்ற இன்னொரு ஒளிரும் சாயம் இன்னும் மோசம், அது வேகமாகவே ஓடிவிடும். நீர்க் கரைசலில் பி.எஸ்.ஏ. என்ற புரதம் சேர்ப்பது கசிவைக் குறைக்கிறது. எப்படியிருந்தாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டுப் போகாதீர்கள். இருட்டுத் துளிகளெல்லாம் வெளிறிய பச்சையாகி, வித்தியாசம் மங்கிவிடும். பஃபரின் பி.எச். 7.5-க்கு மேல் இருக்கட்டும். அமிலத்தில் ஃப்ளோரசீன் ஒளிராது, நொதியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

அடுத்தது பச்சைத் துளியை மட்டும் தனியே பிரிப்பது. துளிகளை மறுபடி ஒரு சிப்பில் ஒவ்வொன்றாக ஓட்டி, லேசரில் பார்த்து, பச்சை வந்தால் மின்புலம் கொடுத்து ஒரு கிளைக்கு இழுக்க வேண்டும். மின்முனைக்கு உலோகம் உருக்கி ஊற்றத் தேவையில்லை, பக்கத்து வாய்க்காலில் அடர்ந்த உப்புத் தண்ணீரை நிரப்பினாலே மின்முனையாகிவிடும். மின்புலம் இல்லாதபோது துளி தானாகவே கழிவுக்குப் போக வேண்டும் என்பதால் அந்தக் கிளையின் தடை குறைவாக இருக்க வேண்டும். கழிவுக் கிளையை 60, சேமிக்கும் கிளையை 40 மைக்ரோமீட்டர் அகலத்தில் வரைந்து மாஸ்க்குக்கு அனுப்பியிருக்கிறோம்.